பின்பக்கம் ‘ம்ம்ம்’ என்று இரைகிறதா? பெயாரிங்கை மாற்றுவதற்கு முன்

பின் சில்லு இரண்டுக்கும் புதுப் பெயாரிங் (சில்லை உரசாமல் சுழலவைக்கும் உருண்டை வளையம்) போட்டு, காசையும் கட்டிவிட்டு, கராஜிலிருந்து காலி வீதிக்கு ஏறினேன். தெஹிவளை மேம்பாலத்தில் வேகம் ஐம்பதைத் தொட்டதும் பின் இருக்கைக்கு அடியிலிருந்து அதே ‘ம்ம்ம்’. போகும்போது என்ன சத்தமோ, வரும்போதும் அதேதான்.

அந்த பாஸில், அதாவது கராஜ் மெக்கானிக்கில், பிழை இல்லை. “பின் பெயாரிங் போய்ட்டுது, மாத்தித் தாங்க” என்று போய் நின்றவன் நான். அவர் கேட்டதைச் செய்து கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து டயர்க் கடையில் காற்றடிக்க நின்றபோது, அங்கிருந்த வயதான மனிதர் சத்தத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, “தம்பி, சட்டைக் கையை மடிச்சிட்டு டயரின்ட உள்பக்கத்தைத் தடவிப் பாருங்க” என்றார். தடவினேன். கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகள் மாதிரி, மேடும் பள்ளமுமாக இருந்தது. இடப்பக்க ஷொக் அப்சோர்பரில் ஓயில் கசிந்து, அது செத்துப்போய்ப் பல மாதமாகியிருக்க வேண்டும். சில்லு வீதியில் துள்ளித் துள்ளி ஓடியதில் டயர் அப்படித் தேய்ந்திருந்தது.

கார் வாங்கி ஓரிரு வருடமானவர்களுக்காக இதை எழுதுகிறேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது சொல்வதை அவ்வளவாக நம்ப முடியாது. இந்த மாதிரித் தாழ்ந்த இரைச்சல் காரின் தகட்டு உடம்பு முழுவதும் ஓடும். முன் சில்லின் சத்தம் பின் இருக்கையில் கேட்பதும் உண்டு. ஆனால் அது எப்போது கூடுகிறது, எப்போது அடங்குகிறது என்பதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்குக் கருவி தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு பேனை, பின் இருக்கையில் உட்கார ஒரு நண்பர் போதும்.

முதலில் குனிந்து பாருங்கள்

உங்கள் காரின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பின் அச்சுச் சத்தத்தைப் பற்றிப் பேச முடியாது. காருக்குப் பின்னால் குந்தியிருந்து அடியில் பாருங்கள். இரண்டு சில்லையும் இணைக்கும் வெறும் இரும்புச் சட்டம் மட்டும் தெரிந்தால் அது முன் சில்லு இழுக்கிற கார். கொழும்பில் ஓடுகிற அக்வா, விட்ஸ், அல்டோ, வெகன் ஆர், ஃபிட், அக்சியோ எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். பின்னால் சில்லு, பெயாரிங், பிறேக், ஸ்பிரிங், ஷொக் அவ்வளவுதான். எஞ்சினின் இழுவையை இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிபரன்ஷியல் முன்னால் கியர்பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. இப்படி ஒரு காரைப் பார்த்து “பின் டிபரன்ஷியல் போய்விட்டது” என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

நடுவில் சின்னப் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை தெரிந்து, அதற்கு முன்னாலிருந்து நீளமான தண்டு ஒன்று வந்து சேர்ந்தால் அது டிபரன்ஷியல். ஹையேஸ், கேடிஎச், சுசுகி எவ்ரி வான்கள், டபுள் கேப் பிக்கப் எல்லாம் இந்த வகை. அதில் சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் அதிகம்; கடைசியில் அதற்கு வருகிறேன். பழைய சிறிய கார் வைத்திருப்பவர்களும் நாலு சில்லும் இழுக்கிற ஜப்பான் மொடல் வைத்திருப்பவர்களும் கட்டாயம் குனிந்து பாருங்கள். பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அதனால் நம் வீதியில் ஓடுகிற கார்களில் கணிசமானவை வயசாளிகள். வயசாளிக்கு மூட்டில் சத்தம் வரத்தான் செய்யும். எந்த மூட்டு என்பதுதான் கேள்வி.

ஓடாமலே கேட்கிற சத்தங்கள்

காரை நிறுத்தி வைத்தபடியே சிலவற்றைக் கழித்துவிடலாம். ஹைபிரிட் கார்களில் பெரிய பற்றரியைக் குளிரவைக்கும் காற்றாடி பின் இருக்கைப் பக்கம் இருக்கும். ஏப்ரல் வெயிலில் பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கும்போது அது சுழல ஆரம்பித்தால் ‘ஊஊ’ என்று கேட்கும். தூசி அடைத்திருந்தால் இன்னும் பலமாக. இருக்கையோரம் உள்ள காற்று உள்ளிழுக்கும் சல்லடையில் கையை வைத்துப் பாருங்கள். அதுதான் காரணமென்றால் காற்றாடியைச் சுத்தம் செய்தால் போதும். பெற்றோல் தாங்கிக்குள் இருக்கும் பம்பும் பின் இருக்கைக்கு அடியிலிருந்து மெல்லிய ரீங்காரம் எழுப்பும். இவை இரண்டும் கார் நிற்கும்போதே கேட்கும். அச்சுச் சத்தம் சில்லு சுழன்றால்தான் வரும்.

புகைக்குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்து குழாய் அடித்தகட்டில் தொட்டாலும் இரைச்சல் வரும். அது எஞ்சின் வேகத்தோடு போகும். நிறுத்தி வைத்து எக்ஸிலரேட்டரை மெதுவாக அமர்த்தும்போது அதே சத்தம் வந்தால், சில்லுப் பக்கம் தேடுவது வீண். ஹைபிரிட் கார் வேகம் குறையும்போது வருகிற ‘ஈஈங்’ என்ற மெல்லிய கீச்சுச் சத்தம் மோட்டார் பற்றரியை ஏற்றுகிற சத்தம். அது பழுது இல்லை. புதிதாக ஹைபிரிட் எடுத்தவர்கள் இதைக் கேட்டுத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை, ஆறு மணிக்கு எழும்ப முடிந்தால் கொழும்பு இதற்கு நல்ல ஊர். வெள்ளவத்தைக்காரருக்கு மரைன் டிரைவ் இருக்கிறது. கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கத்தவருக்கு பேலியகொடையில் ஏறினால் கட்டுநாயக்க ஹைவே. நகருக்குள் 50, ஹைவேயில் 100 என்பதுதான் எல்லை. அதைத் தாண்டாமலே தேவையான எல்லாம் தெரிந்துவிடும். வானொலி, ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். கண்ணாடிகளை முழுக்க ஏற்றுங்கள். ஒரு பின் கண்ணாடி மட்டும் அரைவாசி இறங்கியிருந்தால் காற்று உள்ளே அடித்து அதுவே ஒரு பெரிய ‘ஹுப் ஹுப்’ போடும். டிக்கியிலுள்ள சாமான், உபரிச் சில்லு எல்லாவற்றையும் இறுக்கி வையுங்கள் அல்லது இறக்கிவிடுங்கள்.

என் நண்பன் பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து, “மச்சான், இப்ப கூடுது… இல்ல, இப்ப ஒண்டுமில்ல” என்று சொல்லச் சொல்ல நான் வேகத்தைச் சத்தமாக வாசித்தேன். எழுதியது அவன். ஓட்டுகிறவர் எழுதக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் ஓட்டம் நேர் வீதியில். மெதுவாக வேகத்தை ஏற்றி, சத்தம் எந்த வேகத்தில் தொடங்குகிறது, எதில் உச்சம், எதற்கு மேல் மங்குகிறது என்று குறியுங்கள். பிறகு ஒரே வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஓட்டோ கியர்க் காரென்றால் கீழ்க் கியர் நிலைக்கு ஒரு தடவை இறக்கலாம். எஞ்சின் வேகம் மாறியும் இரைச்சல் மாறாவிட்டால் அது சில்லோடு சுழல்கிற ஏதோ ஒன்று. காரை நியூட்ரலில் உருளவிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது, ஹைபிரிட்டில் வேண்டவே வேண்டாம். எக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே கிட்டத்தட்ட அதே தகவல் கிடைக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டுவது மட்டும் கூடாது. பிறேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

அடுத்தது வீதியின் தரை. வழுவழுப்பாகத் தார் போட்ட புதுக் கார்பட் வீதியிலிருந்து கொங்கிரீட் ஒழுங்கைக்கோ இன்டர்லொக் கல் பதித்த தரைக்கோ அதே வேகத்தில் போகும்போது சத்தத்தின் குரலே மாறினால் டயர் மேல் சந்தேகத்தைத் திருப்புங்கள். பெயாரிங்குக்குத் தரை எதுவென்று தெரியாது. கார்பட்டிலும் கொங்கிரீட்டிலும் அதற்கு ஒரே குரல்தான். வழுவழுப்பான கார்பட்டில் மற்ற எல்லா இரைச்சலும் அடங்குவதால் பெயாரிங் இன்னும் தெளிவாகக் கேட்கும். எல்லாச் சோதனையிலும் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான். முதல் தடவையே இதைச் செய்திருந்தால் இரண்டு பெயாரிங்கின் காசு மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, வளைவு. முன்னாலும் பின்னாலும் வாகனம் இல்லாத இடத்தில் 40, 50இல் போகும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக மெல்ல அசையுங்கள், ஒரு வழித்தடத்துக்குள்ளேயே. வலப்பக்கம் திருப்பும்போது காரின் பாரம் இடப்பக்கச் சில்லுகள் மேல் சாயும். இடப்பக்கம் திருப்பினால் வலது சில்லுகள் மேல். வலப்பக்கம் திருப்பும்போது இரைச்சல் கூடி, இடப்பக்கம் திருப்பும்போது அடங்கினால் பெரும்பாலும் இடப்பக்கப் பெயாரிங். ‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஒரு பெயாரிங்குக்குள் இரண்டு வரிசை உருண்டைகள் இருக்கும், எந்த வரிசை தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில நேரம் கதை தலைகீழாகும். பக்கத்தை உறுதிப்படுத்தும் வேலையை ஜக் சோதனைக்கு விட்டுவிடுங்கள். திருப்பும்போது சத்தம் மாறுகிறது என்பது மட்டும் இப்போதைக்குப் போதும்.

கடைசியாக, 50இல் போகும்போது பிறேக்கை லேசாகத் தொடுங்கள். தொட்டதும் சத்தம் நின்றாலோ புதிதாக உரசல் கேட்டாலோ பிறேக் பக்கம் பாருங்கள். கைப்பிறேக் கேபிள் துருப்பிடித்து முழுக்க விடாமல் நிற்பது கடலோரத்தில் கார் நிறுத்துகிறவர்களுக்குப் புதிதல்ல.

டயரில் கை வைத்தால்

கொழும்புக்குள் மட்டும் ஓடுகிற கார்களில் பின்பக்க இரைச்சல் என்று வருவதில் டயர்தான் முதல் சந்தேக ஆள். இதைப் பார்க்கச் செலவும் இல்லை. அதனால்தான் இதை முன்னால் வைக்கிறேன்.

காரை நிழலில் நிறுத்தி, டயர் ஆறிய பின் முதலில் கண்ணால் பாருங்கள். உள்விளிம்பைப் பார்க்க டோர்ச் வேண்டும். தேய்ந்த டயரில் உருக்குக் கம்பி துருத்திக்கொண்டிருந்தால் விரலைக் கிழித்துவிடும். ஆகவே முதலில் ஒரு பழைய துணியால் துடைத்து, துணி எங்கும் மாட்டாவிட்டால் மட்டும் வெறுங்கையால் தடவுங்கள். கம்பி தெரிந்தால் சோதனை அத்தோடு முடிந்தது, அந்த டயரில் ஓடக்கூடாது.

சுழலும் திசையில் ஒரு தடவை, எதிர்த்திசையில் ஒரு தடவை தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் வாள் பல் மாதிரிக் கையில் பிடித்தால், டயரின் மேல்முகத்திலுள்ள ஒவ்வொரு ரப்பர்க் கட்டியின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது. டயரை முன்பின் மாற்றாமல் வருடக்கணக்காக ஓடினால் இது வரும். குறுக்காகத் தடவும்போது அதே வாள் பல் பிடித்தால் சில்லின் நேர்மை பிசகியிருக்கிறது. அலைன்மென்ட் பார்க்க வேண்டும். முன் இழுவைச் சிறிய கார்களில் பின் சில்லின் கோணத்தைத் திருத்த வழக்கமாக வழி வைத்திருக்கமாட்டார்கள். அது பிசகியிருந்தால் எங்கோ குழியிலோ நடைபாதை விளிம்பிலோ அடித்துச் சட்டம் வளைந்திருக்கலாம் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு நேர்ந்தது போல மேடு பள்ளமாகக் கையில் தட்டுப்பட்டால் ஷொக் அல்லது பலன்சிங், அதாவது சில்லின் எடைச் சமன். ஷொக்கின் உடம்பில் ஓயிலும் தூசியும் சேர்ந்து கறுப்புச் சேறு மாதிரி வழிந்திருந்தால் அதற்கு மேல் விசாரணை தேவையில்லை.

ஏன் ரப்பர் இப்படி இரைகிறது என்றால், கணக்கு எளிது. சிறிய காரின் டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.9 மீற்றர் ஓடும். 60 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு ஒன்பது சுற்றுக்குக் கிட்ட. டயரைச் சுற்றி அறுபது எழுபது கட்டிகள் இருந்து, ஒவ்வொன்றின் விளிம்பும் வீதியில் தனித்தனியாக அடித்தால் செக்கனுக்கு ஐநூறுக்கு மேல் அடி. நம் காதுக்கு அது அடியாகக் கேட்காது, ஒரே நீண்ட சுரமாகத்தான் கேட்கும். அதனால்தான் மோசமாகத் தேய்ந்த டயரையும் பழுதான பெயாரிங்கையும் அனுபவமுள்ளவர்களே மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள்.

பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. தவாளிப்பு நிறைய இருந்தாலும் ரப்பர் பழசாகி இறுகிவிட்டால் இரையும். காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி, டயர் ஆறியிருக்கும்போது சரிபாருங்கள்.

தடவியும் தீர்மானிக்க முடியாவிட்டால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு அதே வீதியில் ஓட்டுங்கள். சத்தம் முன்னால் வந்துவிட்டால், அல்லது குரல் மாறினால், டயர்தான். டயர்க் கடையில் இதற்கு அரை மணித்தியாலம் கூட ஆகாது. பக்கச் சுவரில் அம்புக்குறி போட்ட டயரென்றால் அதே பக்கத்துக்குள் மட்டும் முன்பின் மாற்றுங்கள்.

ஜக் போட்டுப் பார்ப்பது

டயர் தப்பிவிட்டதா? அப்போது பெயாரிங். இதைச் சமதரையில் மட்டும் செய்யுங்கள். மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத் தரிப்பிடம் நல்ல இடம், சரிவான ஒழுங்கை ஆகாது. முன் இழுவைக் காருக்குத்தான் இந்த முறை. கியர் ‘பீ’யில் அல்லது முதல் கியரில், எஞ்சின் நிறுத்தியிருக்க, முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை. செங்கல் வைக்காதீர்கள், நொறுங்கிவிடும். இவ்வளவும் செய்த பிறகுதான் கைப்பிறேக்கை விட வேண்டும். விடாவிட்டால் பின் சில்லு சுழலாது. ஜக்கை அதற்கென்று உள்ள இடத்தில் வைத்து ஒரு பின் சில்லை மட்டும் தூக்கி, பக்கத்தில் ஸ்டாண்ட் வையுங்கள். ஜக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. எதற்காகவும் உடம்பைக் காருக்கு அடியில் விட வேண்டாம்.

சில்லின் மேலேயும் கீழேயும், கடிகாரத்தின் 12 மணிக்கும் 6 மணிக்கும் உரிய இடங்களில் பிடித்து, உள்ளே தள்ளி வெளியே இழுத்துப் பாருங்கள். ‘டொக்’ என்று ஓர் ஆட்டம் கையில் தெரிந்தால் பெயாரிங் தளர்ந்துவிட்டது. நேரே கராஜுக்குத்தான், ஹைவேக்கு அல்ல. ஆட்டம் இல்லாவிட்டால் நல்ல செய்தி என்று எடுக்காதீர்கள். இரைகிற பெயாரிங்குகள் பல ஆடுவதில்லை.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. சுருள் ஸ்பிரிங்கில் ஒரு கையின் விரல்களை வைத்துக்கொண்டு, நண்பரிடம் சில்லைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். தளர்ந்த சட்டைக் கை, கைக்கடிகாரம், காப்பு எதுவும் வேண்டாம். விரல் டயரிலிருந்து தள்ளியே இருக்கட்டும். நல்ல பெயாரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. தேய்ந்ததென்றால் ஆட்டுக்கல்லில் காய்ந்த அரிசியைப் போட்டு அரைப்பது போன்ற ஒரு நறநறப்பு விரல் நுனிக்கு வரும். காதுக்குக் கேட்காததும் ஸ்பிரிங்கில் தெரியும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ‘ஸ்க்… ஸ்க்…’ என்று வந்தால் அது பிறேக் உரசல், கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. பிறகு மற்றப் பக்கத்தைத் தூக்கி அதையே செய்து ஒப்பிடுங்கள். ஒப்பிடாமல் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல எனக்கே தைரியம் வராது.

ஒரு எச்சரிக்கை: காரின் பாரம் மேலே இல்லாதபோது சில பெயாரிங்குகள் ஊமையாக இருக்கும். வளைவில் தெளிவாகச் சத்தம் மாறி, டயரும் சுத்தமாக இருந்து, ஜக்கில் ஒன்றும் தெரியாவிட்டால் பெயாரிங்கை விடுதலை செய்துவிட வேண்டாம்.

சூடும் ஒரு சாட்சி. பத்துப் பதினைந்து கிலோமீற்றர், பிறேக்கை அதிகம் அமர்த்தாமல் ஓட்டிவிட்டு இரண்டு பின் சில்லுகளின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் தகித்தால், பெயாரிங்கை விடப் பிறேக் விடாமல் நிற்பதற்கே வாய்ப்பு அதிகம்.

வானும் டபுள் கேப்பும்

பின் இழுவை வாகனத்தில் கதை வேறு. மேலே சொன்ன டயர், வளைவுச் சோதனைகள் அப்படியே பொருந்தும். ஆனால் சில்லைத் தூக்கிக் கையால் சுற்றினால் டிபரன்ஷியலும் நீளத் தண்டும் சேர்ந்து சுழலும், எது எதன் சத்தம் என்று பிரிக்க முடியாது. எஞ்சினைப் போட்டுச் சில்லைச் சுழலவிட்டுக் கேட்பது கராஜ் வேலை. வீட்டில் ஜக்கில் தூக்கிவைத்து அதைச் செய்தால் வான் ஜக்கை விட்டுப் பாய்ந்துவிடும்.

உங்கள் கையிலுள்ள கருவி எக்ஸிலரேட்டர். டிபரன்ஷியலுக்குள் கிறவுண் என்ற பெரிய பல்சில்லும் பினியன் என்ற சின்னப் பல்சில்லும் ஒன்றையொன்று கடித்தபடி சுழல்கின்றன. நீங்கள் அமர்த்தும்போது பல்லின் ஒரு முகம் தள்ளுகிறது. காலை எடுத்ததும் சில்லு எஞ்சினைத் தள்ளுவதால் மறுமுகம் தொடுகிறது. ஆகவே ஒரே வேகத்தில் அமர்த்தும்போது ‘ஊஊ’ என்று எழுந்து, காலை எடுத்த கணமே நின்றால், அல்லது அமர்த்தும்போது அமைதியாக இருந்து காலை எடுத்ததும் ஊளையிட்டால், பல்லுகளைச் சந்தேகப்படலாம். அமர்த்தினாலும் எடுத்தாலும் மாறாமல் ஒரே மாதிரி இரைந்தால் பெயாரிங் அல்லது டயர். பெயாரிங்கிலும் குரல் வித்தியாசம் உண்டு. சில்லு ஒரு தடவை சுழல, பினியன் நாலு தடவை அளவில் சுழலும். அதனால் பினியன் பெயாரிங்கின் சத்தம் விசிலுக்கும் ஊளைக்கும் நடுவில் உயர்ந்து ஒலிக்கும். சில்லுப் பெயாரிங் அடிவயிற்றிலிருந்து உறுமும். ‘டீ’யிலிருந்து ‘ஆர்’க்கு மாற்றும்போது கீழே ‘டங்’ என்று கேட்டால் நீளத் தண்டின் குறுக்கு மூட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஓயிலைப் பாருங்கள். டிபரன்ஷியலில் இரண்டு நட்டு: மேலே நிரப்புவது, கீழே வடிப்பது. எப்போதும் மேல் நட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கீழதைக் கழற்றி ஓயிலை வடித்துவிட்டு, மேலது துருவேறி அசையாமல் நின்றால் வான் அங்கேயே படுத்துவிடும். சமதரையில், மேல் துளையில் சுண்டு விரலை விட்டால் துளையின் கீழ் விளிம்பிலேயே ஓயில் படவேண்டும். குறைந்திருந்தால் எங்கே போனது என்று தேடுங்கள்; சில்லுப் பக்க சீல் கசிந்தால் அந்தப் பக்கப் பிறேக்கும் நனைந்திருக்கும். வடிக்கும் நட்டிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்வு. விரலில் குத்துகிற துண்டு, சீவல் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது.

ஓயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நின்ற வாகனங்களை நினைத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. ஓடிச் சூடான டிபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவும் பழைய சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு அடை மழை, முட்டளவுத் தண்ணீரில் ஒரு ஒழுங்கை, போதும். அப்படி ஓட்டியிருந்தால் சத்தம் வரும்வரை காத்திராமல் ஓயிலை மாற்றிவிடுங்கள். எந்த ஓயில் என்பதற்கு வாகனத்தின் கையேடுதான் பேச்சு; பின் இழுவை வான்களுக்குப் பெரும்பாலும் ஜீஎல்-5 தரக் கியர் ஓயில். ஹொண்டா சீஆர்-வி நாலு சில்லு இழுவைக்காரருக்கு ஒன்று: ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் தரிப்பிடத்தில் திருப்பும்போது பின்னாலிருந்து முனகல் வந்தால், அது பெரும்பாலும் பழசாகிப்போன டிபரன்ஷியல் ஓயில். அதற்கென்றே உள்ள ஹொண்டா ஓயிலை மாற்றினால் பல நேரம் நின்றுவிடும். சாதாரணக் கியர் ஓயிலை அதில் ஊற்றக்கூடாது.

பல்லு தேய்ந்தது உறுதியென்றால் கிறவுண், பினியன் இரண்டையும் சோடியாகவே மாற்ற வேண்டும். இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளந்து பொருத்துகிற பாஸிடம் மட்டும் கொடுங்கள். முழு டிபரன்ஷியலாகப் பாவித்தது வாங்குகிறவர்கள் பல் விகிதம் ஒன்றா என்று பார்க்க வேண்டும்; கிறவுணில் 41 பல், பினியனில் 10 என்றால் 4.1. நாலு சில்லு இழுவையில் முன்னும் பின்னும் விகிதம் வேறுபட்டால் முறிவது நிச்சயம்.

பாஸிடம் போகும்போது

கொப்பியைக் கொண்டுபோங்கள். “பெயாரிங் மாத்துங்க” என்று சொல்லாமல், “45இல் தொடங்குது, கார்பட்டிலயும் கொங்கிரீட்டிலயும் ஒரே சத்தம், வலப்பக்கம் திருப்பினா கூடுது, டயர் முன்பின் மாத்தியும் போகல்ல” என்று சொல்லிப் பாருங்கள். பேச்சே மாறிவிடும். நல்ல பாஸ் பக்கத்தில் உங்களை உட்காரவைத்து ஒரு ரவுண்ட் போய்விட்டு வருவார். ஓட்டிப் பார்க்காமலே விலை சொல்கிறவரிடம் நான் இப்போது நிற்பதில்லை.

சாமானை நீங்களே வாங்கித் தருவதென்றால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைதான். சேசி இலக்கத்தை எழுதிக்கொண்டு, முடிந்தால் கழற்றிய பழைய பெயாரிங்கையே எடுத்துக்கொண்டு போங்கள். அதன் வளையத்தில் இலக்கம் பொறித்திருக்கும். பெட்டியில் கோயோ, என்எஸ்கே, என்டிஎன் என்று ஜப்பான் பெயர் இருப்பதாலேயே உள்ளிருப்பது அதுவாகிவிடாது. வளையத்திலுள்ள பொறிப்பும் பெட்டியிலுள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள், வழக்கத்துக்கு மாறான மலிவு விலையைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள். பாவித்த பெயாரிங் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கதவுக் கண்ணாடியைப் பாவித்ததாக வாங்கலாம், பெயாரிங்கை வேண்டாம்.

பொருத்தும்போது இரண்டு விடயத்தைக் கவனியுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றிய பெயாரிங் அன்றைக்கே காயப்பட்டுவிடும். பிரெஸ் மெஷினில் ஏற்றுவது அல்லது பெயாரிங்கோடு சேர்ந்தே வரும் முழு ஹப்பாகப் பூட்டுவதுதான் முறை. ஏபிஎஸ் (பிறேக் அடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் தடுப்பது) உள்ள கார்களில் சில பெயாரிங்குகளின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். அது சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். மாறிப் பூட்டினால் சத்தம் போய் ஏபிஎஸ் விளக்கு வந்து உட்கார்ந்துவிடும்.

வேலை முடிந்ததும் அதே வீதியில், அதே வேகத்தில், அதே நண்பரோடு ஓட்டிப் பாருங்கள். ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு சில்லு நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பெயாரிங்கைக் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடைய சாமான். நடுவில் விரலை விட்டு வெளி வளையத்தைச் சுற்றினால் பழுதானது மணலைக் கடிக்கிற மாதிரி நறநறக்கும்.

என்னுடைய இரண்டும் இன்னும் அலுமாரித் தட்டில் இருக்கின்றன. சுற்றிவிட்டால் சத்தமே இல்லாமல் நெடுநேரம் சுழல்கின்றன.